கோடு விழாமல் ஜன்னல் கண்ணாடி துடைப்பது எப்படி? உப்புத் தண்ணீர் வீடுகளுக்கான கேள்வி பதில்

இவை பெரும்பாலும் எங்கள் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகள். சென்னையின் தென்கோடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தொலைவில், ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிற்கும் கட்டடம் எங்களுடையது. குழாயைத் திறந்தால் உப்பு. ஜன்னலைத் திறந்தாலும் உப்பு. நல்ல தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு இதில் பாதிக் கேள்வி தேவைப்படாது.

நன்றாகத்தான் துடைக்கிறேன். காய்ந்த பிறகு கோடு கோடாகத் தெரிகிறதே, ஏன்?

அந்தக் கோடு பழைய அழுக்காக இருக்க வாய்ப்பு குறைவு. துடைக்கும்போது நாமே கொண்டுவந்து வைத்ததுதான் அது. கண்ணாடியில் தங்கும் ஈரத்தில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருந்த உப்பும் சோப்பும் அங்கேயே தங்கிவிடும். துணி போன வழியில் ஈரம் எங்கே தடிமனாக நின்றதோ அங்கே கோடு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் அளவு 1500 என்றால், ஒரு லிட்டரில் 1500 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பெரிய ஜன்னலில் 50 மில்லி ஈரத்தை அப்படியே காயவிட்டால் 75 மில்லிகிராம் பொடி கண்ணாடியில் ஒட்டும். சாம்பாருக்கு அது ஒன்றுமே இல்லை. வெயில் படும் கண்ணாடிக்கு அது ஒரு மூடுபனி.

ஆகவே எதைப் போட்டுத் துடைப்பது என்பதைவிட, போட்ட தண்ணீரைக் காய்வதற்கு முன் எப்படி எடுப்பது என்பதே முக்கியம். கீழே வரும் பதில்கள் பலவும் இதற்குத்தான் திரும்பி வரும்.

அப்படியானால் எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது?

முதல் கழுவலுக்குக் குழாயில் வருவதே போதும். கடைசியாகப் படும் தண்ணீர் மட்டும் நல்லதாக இருக்கட்டும். ஒரு ஜன்னலுக்குக் கால் லிட்டர்கூட வேண்டியிருக்காது.

ஏசியின் வடிகால் குழாயில் சொட்டும் தண்ணீர் இதற்கு அருமையானது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த நீர் அது. உப்பு ஏறக்குறைய இல்லை. கொஞ்சம் தூசி இருக்கும், பழைய துணியில் வடிகட்டினால் போதும். குடிக்க மட்டும் கூடாது. மழைநீரும் நல்லது, ஆனால் முதல் பத்து நிமிட மழை மொட்டைமாடியைக் கழுவிக்கொண்டு வரும். அதைப் போகவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டி வரும் குடிநீர் நல்லது. அதன் கழிவுக் குழாயில் வருவது கூடவே கூடாது. சிக்கனம் கருதி அதை வாளியில் பிடித்துத் துடைக்கப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் சேர்ந்திருக்கிறது. தரை துடைக்கச் சரி, கண்ணாடிக்கு வேண்டாம்.

எங்கள் தண்ணீர் எவ்வளவு மோசம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிடிஎஸ் மானி இல்லாவிட்டால் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் ஜன்னலிலும் அதேதான் படிகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. 500 என்பது வயிற்றுக்கான அளவு. கண்ணாடி அதைவிடக் கறாரானது.

வினிகரா, சோப்பா, கடையில் விற்கும் நீல நிற ஸ்பிரேயா?

மூன்றுக்கும் வேலை வேறு. எண்ணெய்ப் பசைக்கும் தூசிக்கும் பாத்திரம் துலக்கும் திரவம். சுண்ணாம்புப் படிவுக்கு வினிகர். ஏற்கெனவே ஓரளவு சுத்தமாக இருக்கும் உள்பக்கத்துக்கு ஸ்பிரே.

சோப்பில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அரை வாளித் தண்ணீருக்கு, அதாவது ஐந்து லிட்டருக்கு, அரைத் தேக்கரண்டி போதும். நுரை பொங்கினால் அதிகம் என்று பொருள். சோப்பு இல்லாமலும் முடியாது. அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால்தான் ஈரம் முத்து முத்தாகத் திரளாமல் கண்ணாடி முழுவதும் ஒரே படலமாகப் பரவுகிறது. முத்தாக நின்றால் ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வட்டப் புள்ளியாகும். பாத்திரச் சோப்புக் கட்டியைக் கண்ணாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பாத்திரம் தேய்ப்பதற்காக அதில் பொடி கலந்திருக்கும், அது முழுக்க வெள்ளையாகத் தங்கும்.

வினிகருக்கு ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் பொங்கவைப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது இன்னொரு உப்புக் கரைசல். நாம் ஒழிக்கப் பார்ப்பதே உப்பைத்தானே.

எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். ஆனால் அதில் சர்க்கரையும் சக்கையும் உண்டு. காய்ந்தால் பிசுபிசுக்கும், எறும்பு வரும்.

வினிகர் எங்கே படக்கூடாது?

ஜன்னலின் கீழ்ப்படியில். நம் வீடுகளில் அது பெரும்பாலும் கடப்பா கல் அல்லது மார்பிள். மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தவை. கண்ணாடியில் படிந்த சுண்ணாம்பை அரிக்கும் அதே வினிகர் இவற்றையும் அரிக்கும். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஒரு திட்டு நிற்கும். வேலை தொடங்குமுன் படியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போடுங்கள். கிரானைட்டாக இருந்தால் இவ்வளவு பயம் வேண்டாம், இருந்தாலும் துண்டு இருக்கட்டும்.

செய்தித்தாளால் துடைத்தால் பளிச்சென்று வரும் என்கிறார்களே?

வரும். செய்தித்தாளில் வழவழப்புப் பூச்சு கிடையாது, ஈரத்தை உறிஞ்சும், துணியைப்போல் பஞ்சு உதிர்க்காது. எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அதுதான். இப்போது விட்டுவிட்டேன், காரணம் வெள்ளை யுபிவிசி (பிளாஸ்டிக்) சட்டங்கள். மை ஒருமுறை அந்த மூலையில் ஏறினால் அதைத் துடைப்பது தனி வேலையாகிவிடும். மரச் சட்டம், அடர்நிற அலுமினியச் சட்டம் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வாரக் கடைசியில் வரும் வழவழப்பான இணைப்பிதழ் மட்டும் உதவாது, அது ஈரத்தை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போகும்.

எந்தத் துணி நல்லது?

மைக்ரோஃபைபர் துணி கிடைத்தால் அது. இல்லாவிட்டால் நூறு முறை துவைத்து நைந்துபோன பருத்தி வேட்டி. புது வேட்டி கூடாது, கஞ்சி இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த எந்தத் துணியும் கூடாது, ஈரம் பட்டதும் அந்தக் கஞ்சி கண்ணாடியில் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பொங்கல் முழுவதும் ஆயிற்று. தண்ணீரை மாற்றினேன், சோப்பை மாற்றினேன், கோடு போகவில்லை. கடைசியில் குற்றவாளி அப்பாவின் கதர் வேட்டி.

பூத்துண்டு பஞ்சு விடும். பனியன் துணி பரவாயில்லை. எதுவானாலும் இரண்டு துண்டுகள் வேண்டும்: ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்ந்தது. உலர்ந்த துணி நனைந்துவிட்டால் மாற்றுங்கள். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது மணத்துக்காக ஊற்றும் மென்மையூட்டும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகளில் மெழுகுபோல் படிந்து, அடுத்த முறை கண்ணாடிக்கு இடம் மாறும்.

கொசுவலை, கம்பி, சட்டம், கண்ணாடி: எதை முதலில் தொடங்குவது?

கொசுவலையில். ஒட்டுப்பட்டையில் மாட்டும் வலை என்றால் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வலையை அப்படியே விட்டுக் கண்ணாடியை மட்டும் துடைத்தால், முதல் மழையில் வலைத் தூசி சேறாகக் கரைந்து கண்ணாடியில் தெறிக்கும். பிறகு கம்பி, அதன்பின் ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடம். தடத்தில் இருக்கும் பல்லி முட்டை ஓடு, எறும்பு மண் எல்லாவற்றையும் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் பெருக்கி எடுத்த பிறகே தண்ணீர் விட வேண்டும். தடத்தின் ஓரத்தில் வடிகால் துளை இருக்கும். அது அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். சட்டம் அடுத்தது. கண்ணாடி கடைசி.

கண்ணாடியிலும் முதலில் தூசியைத் தண்ணீரால் இறக்குங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தெருத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோ அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5. எது எதைக் கீறும் என்று சொல்லவேண்டியதில்லை. கோடு என்று நினைத்துப் பலரும் தேய்த்துக்கொண்டிருப்பது பழைய கீறலைத்தான்.

வைப்பர் பயன்படுத்தினால் இன்னும் மோசமாகக் கோடு விழுகிறதே?

ரப்பரைப் பாருங்கள். விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால், அந்த வெட்டு ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கோடு போடும். தரை வைப்பரைக் கண்ணாடிக்குப் பயன்படுத்துவதும் பலனில்லை; அதன் ரப்பர் தடிமன்.

ரப்பர் சரியாக இருந்தும் கோடு விழுந்தால் இழுக்கும் முறையில் கோளாறு. சோப்புத் தண்ணீரைத் தாராளமாகப் பூசுங்கள். கண்ணாடியின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். அந்த உலர்ந்த பட்டையில் ரப்பரை வைத்து, சற்றே சாய்த்து, நிறுத்தாமல் கீழே இழுங்கள். ஈரத்தில் வைத்துத் தொடங்கினால் தொடங்கிய இடத்திலேயே ஒரு கோடு நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துடைத்துவிட்டு, அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் ஓர் அங்குலம் ஏறும்படி வையுங்கள். கடைசியில் நான்கு ஓரத்தையும் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும்.

ஒற்றை ரப்பர் கொண்ட இந்தக் கருவிக்கு 1936-இல் காப்புரிமை பெற்றவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். அதற்கு முன் இருந்தது இரட்டை ரப்பர் பூட்டிய கனமான இரும்புக் கருவி. ரப்பர் மாற்ற ஒரு கூடை திருகாணியைக் கழற்ற வேண்டும். நாள் முழுவதும் அதைத் தூக்கிக் கை வலித்தவர்தான் இலேசான பித்தளைக் கருவியைச் செய்திருக்கிறார்.

எங்கள் ஜன்னலில் உள்பக்கம் கம்பி. அதற்குள் கைகூட நுழையாது. வைப்பரை எப்படி இழுப்பது?

நம் ஊர் ஜன்னலின் உண்மையான தலைவலி இது. கதவு வெளியே திறக்கும், கம்பி உள்ளே நிலையாக நிற்கும். கடையில் பெரிய வைப்பரை வாங்காதீர்கள். உங்கள் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து அதற்குள் நுழையும் சிறியதை வாங்குங்கள். அதுவும் நுழையாவிட்டால், ஒரு மரக்கரண்டியின் தட்டைப் பக்கத்தில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். ஈரத்துக்கு ஒரு கரண்டி, உலர்த்த ஒரு கரண்டி. வேடிக்கையாகத்தான் இருக்கும்.

திறந்த கதவைக் காற்று அடித்துச் சாத்தாமல் கொக்கியை மாட்டிக்கொள்ளுங்கள். பழைய மரக் கதவில் கண்ணாடியை மக்கு (புட்டி) வைத்துப் பதித்திருந்தால் தண்ணீரை ஊற்றாமல் துணியை நனைத்துத் துடையுங்கள். மக்கு ஊறி உதிர்ந்தால் கண்ணாடி ஆடத் தொடங்கும்.

எந்த நேரத்தில் துடைப்பது?

அந்த ஜன்னலில் வெயில் இல்லாத நேரத்தில். கிழக்குப் பார்த்ததை மாலையில், மேற்குப் பார்த்ததைக் காலையில். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் நீங்கள் துணியை எடுப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். அதை யாரும் யோசிப்பதில்லை.

வெள்ளைப் புள்ளிகள் கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேய்த்தும் போகவில்லை.

உப்புப் பூத்திருக்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதி உண்டு. சோற்றுப்பு மறுபடி தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். சுண்ணாம்பு அப்படியில்லை. தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து வந்தது, காயும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. அது வெறும் தண்ணீருக்கு அசையாது.

தண்ணீர் கலக்காத வினிகரில் பழைய துணியையோ டிஷ்யூ தாளையோ நனைத்துப் புள்ளிகளின் மேல் அப்பிவிடுங்கள். பதினைந்து நிமிடம். காயத் தொடங்கினால் மறுபடி நனையுங்கள். அமிலத்துக்கு நேரம் கொடுத்தால் கைக்கு வேலை குறையும். பிறகு மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, உடனே ஈரத்தை எடுங்கள். பல மாதப் படிவு ஒரே நாளில் போகாது. இரும்பு நார், மணல் பொடி எதுவும் வேண்டாம்.

குளியலறைக்கு வாங்கிய ஆசிட் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டால் என்ன?

நான் விட்டிருக்கிறேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு போயிற்று. அதே நுரை வழிந்து அலுமினியச் சட்டத்தில் இறங்கிய தடம் இன்றும் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தை அரிக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், புகை மூச்சைப் பிடிக்கும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்து அதில் கலந்தால் குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து. அமோனியா உள்ள ஸ்பிரேயையும் பிளீச்சையும் சேர்ப்பதும் அதே அளவு முட்டாள்தனம்.

வினிகருக்கும் அசையாத மங்கல் என்ன?

அங்கே கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. ஈரம் நெடுநாள் நின்றால் கண்ணாடியிலிருந்து சோடியம் கசிந்து, அந்த ஈரத்தைக் காரமாக்கும்; காரம் ஏறினால் அது கண்ணாடியின் சிலிக்காவையே அரிக்கத் தொடங்கும். சில கோணத்தில் வானவில் நிறம் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி வழியும் பக்கத்து ஜன்னலில் அடிக்கடி பார்க்கலாம். சீரியம் ஆக்சைடு பொடி வைத்து இயந்திரத்தால் மெருகேற்றினால் மேலோட்டமானது போகும். ஆழமாக இருந்தால் கண்ணாடியை மாற்றுவது மலிவு. மாற்றுவதற்கு முன் தொட்டி வழிவதை நிறுத்துங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு. காலையில் துடைத்தால் மாலையில் கண்ணாடி பிசுபிசுக்கிறது.

காற்றில் வரும் உப்புத்தூள். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் பல இரவுகள் அப்படித்தான். இந்த உப்பு கரையக்கூடியது என்பதே ஆறுதல். சோப்பு, வினிகர் எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பின்னால் உலர்ந்த துணி. சட்டத்தையும் கீலையும் சேர்த்துத் துடையுங்கள், கண்ணாடியைவிட அவைதான் முதலில் கெடும்.

சமையலறை ஜன்னலும் பூஜையறை ஜன்னலும்?

தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி அரக்காகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத் திரவத்தைச் சற்றுத் தாராளமாக விட்டு ஒருமுறை, சோப்பில்லாத தண்ணீரால் ஒருமுறை. இரண்டாவதைத் தவிர்த்தால் எண்ணெய்க் கோட்டுக்குப் பதில் சோப்புக் கோடு. கற்பூரக் கரியை முதலில் ஈரமில்லாத மென்பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி பட்டால் மையாக இழுபடும்.

பாட்டி விபூதியால் கண்ணாடி துடைப்பார். சரியா?

நைஸான சலித்த விபூதி எண்ணெய்ப் பசையை உறிஞ்சும், இலேசாக மெருகும் ஏற்றும். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடிக்குச் சரி. ஆறு கதவு ஜன்னலுக்குப் போட்டால் மூலைகளில் இருந்து பொடியைத் துடைக்கவே மாலையாகிவிடும்.

நிலைக்கண்ணாடியைப் பற்றி ஒன்று: தண்ணீரைக் கண்ணாடிமேல் தெளிக்காமல் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வழிந்து பின்பக்கம் போனால் அங்குள்ள வெள்ளிப் பூச்சு கறுத்துவிடும். ஓரமெல்லாம் கறுத்த நிலைக்கண்ணாடிகள் பெரும்பாலும் இப்படிக் கெட்டவை.

பெயின்ட் துளியைப் பிளேடால் சுரண்டலாமா?

சாதாரணக் கண்ணாடியில், நன்றாக நனைத்துவிட்டு, புதுப் பிளேடைப் படுக்கவைத்து, ஒரே திசையில் தள்ளலாம். மூலையில் சின்ன முத்திரை அச்சிட்ட டஃபன்ட் (உறுதியூட்டிய) கண்ணாடியில் வேண்டாம்; தயாரிப்பில் ஒட்டிய துகள்கள் பிளேடில் இழுபட்டுக் கீறும். வெயில் மறைக்கும் ஃபிலிம் ஒட்டிய பக்கத்தில் பிளேடும் அமோனியா ஸ்பிரேயும் கூடவே கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பண்டிகைக்கு முன்பா?

உள்பக்கம் மாதம் ஒருமுறை, வெளிப்பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கட்டாயம். வழக்கம் என்னவோ போகிக்கு முதல் நாள் வீடு முழுவதும் துடைப்பது. மறுநாள் விடியலில் தெருவே பழைய பாயையும் டயரையும் கொளுத்தும். துடைத்த கண்ணாடியில் கரி படியும். ஒட்டடையும் அலமாரியும் போகிக்கு முன் இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் போகி அன்று மாலைக்குத் தள்ளுங்கள்.

மூன்றாவது மாடி. வெளிப்பக்கத்தை எப்படி எட்டுவது?

சன்ஷேடில் இறங்கி அல்ல. ஸ்லைடிங் ஜன்னல் என்றால் இரண்டு கதவுகளையும் மாற்றி மாற்றித் தள்ளி, திறந்த பக்கத்து இடைவெளி வழியே நீளப்பிடி வைப்பரை விடலாம். கதவைத் தடத்திலிருந்து தூக்கிக் கழற்றுவதைத் தனியாகச் செய்ய வேண்டாம். கை நழுவினால் கீழே ஆள் இருப்பார். எட்டாத இடத்துக்குக் கயிறும் பாதுகாப்புப் பட்டையும் வைத்துள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள். வீட்டுவேலை செய்யும் அம்மாவை ஏறச் சொல்வதும் ஏறுவதுதான்.

எல்லாம் செய்தும் ஒரு கோடு தெரிகிறது. உள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை.

அடுத்த முறை உள்பக்கத்தைக் குறுக்காகவும் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடையுங்கள். கோடு கிடந்தால் உள்ளே, நின்றால் வெளியே. இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரு பக்கமும் துடைத்தும் நடுவில் ஆவி தெரிந்தால் அதன் ஓரத்து அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. அதற்குத் துணி உதவாது, பொருத்தியவரைத்தான் கூப்பிட வேண்டும்.